பஞ்சு அடைச்சா பேஸ் வருமா?

சொந்தமா சப்வூஃபர் செய்யற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க மக்களே. ரிச்சி ஸ்ட்ரீட் போய் வூஃபர் வாங்கிட்டு வந்தவன், 4440 போர்டு வெச்சு ஆம்ப்ளிஃபையர் கட்டினவன், ஷேர் ஆட்டோ சீட்டுக்குப் பின்னாடி பெட்டி செஞ்சு பொருத்தினவன், எல்லாரும் கடைசியில ஒரே வரியைத்தான் சொல்வாங்க: "உள்ள நல்லா பஞ்சு அடைச்சிடு மச்சி, பேஸ் சும்மா அதிரும்."

எத்தனை கிராம் அடைக்கணும்? எந்தப் பஞ்சு? எந்த மாதிரிப் பெட்டிக்கு? அடைக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு, அடைச்ச அப்புறம் எவ்வளவு மாறுச்சு? இப்படிக் கேட்டா பதில் வராது. "எல்லாரும் போடறாங்கடா" என்பதுதான் பதில்.

பஞ்சு மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சரியான இடத்துல, சரியான அளவுல போட்டா அது உண்மையாவே வேலை செய்யும். என் வருத்தம் வேற. கணக்கு போட வேண்டிய இடத்துல நாம பஞ்சு போட்டுட்டு இருக்கோம். மெஷர் பண்ண வேண்டிய நேரத்துல மூடி ஸ்க்ரூ போட்டு முடிச்சுடறோம். அதுக்கு விலை கொடுக்கறது பெட்டி செய்யறவரோட பர்ஸும், அந்தத் தெருவோட காதும்.

நான் பெருமுக்கல்காரன். திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற பக்கம், பாறையா நிக்கிற மலைதான் எங்க ஊருக்கு அடையாளம். அந்தப் பக்கம் கிழக்கே போனா உப்பளம், அதைத் தாண்டினா கடல். ஆடி மாசம் வந்தா ஊருக்கு ஊர் கூழ் ஊத்துவாங்க, ஊருக்கு ஊர் மைக் செட் கட்டுவாங்க. மைக் செட் தொழில் செய்யறவங்க பெரும்பாலும் பெட்டியைத் தாங்களே செய்வாங்க, இல்லன்னா ஆசாரிகிட்ட சொல்லி அடிச்சுக்குவாங்க. நாம இன்ஜினியரிங் படிக்கிறோம்னு தெரிஞ்சா, "தம்பி, பேஸ் பத்தலையே, என்ன பண்ணலாம்?"னு கேட்பாங்க. நாலு வருஷம் படிச்சுட்டு நாமும் "பஞ்சு அடைங்கண்ணா"ன்னு சொன்னா, நம்ம படிப்பு அவங்களுக்கு எதுக்கு? அந்தக் கேள்விக்கு ஒழுங்கா ஒரு பதில் சொல்ல முடியுமான்னு பார்க்கிறதுதான் இந்தக் கட்டுரை.

ஒரே வார்த்தை, மூணு வேலை

நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன். "டேம்பிங்"னா டேம்பிங்தான், அதுக்கு மேல யோசிச்சதில்லை. இதைத் தமிழ்ல எழுத உட்கார்ந்தப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சது: அந்த ஒரே வார்த்தைக்குத் தமிழ்ல ஒரே வார்த்தை போட முடியலை. ஏன்னா ஸ்பீக்கர் பெட்டி விஷயத்துல அந்த வார்த்தை மூணு வெவ்வேறு வேலைக்குப் பயன்படுது.

முதல் வேலை, பெட்டிக்குள்ள சுவருக்குச் சுவர் எகிறுற ஒலி அலையை *உறிஞ்சறது*. ரெண்டாவது, பெட்டியோட பலகை தானே அதிராம *இறுக்கறது*. மூணாவது, பெட்டிக்குள்ள அடைபட்ட காற்றோட விறைப்பைக் கொஞ்சம் *இளக்கறது*. இந்த மூணையும் "பஞ்சு அடை"ன்னு ஒரே வரியில சொல்றதுலதான் குழப்பம் ஆரம்பிக்குது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பேசறதுக்கு வசதியா ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கலாம். உள்ளளவு 20 லிட்டர், சதுரக் கட்டி, ஒரு பக்கம் சுமார் 27 செ.மீ. அதுல ஒரு 10 இஞ்ச் வூஃபர். அதோட ஒத்ததிர்வு அலைவெண் 40 ஹெர்ட்ஸ், மொத்த க்யூ 0.5, விஏஎஸ் 60 லிட்டர். எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள்தான், ஆனா நடைமுறைக்குப் பொருந்தாத எண்கள் இல்லை.

உறிஞ்சற வேலை: சப்வூஃபர்ல அந்தப் பிரச்சினையே இல்லை

பெட்டிக்குள்ள நிலையலை உருவாகணும்னா, அலைநீளத்துல பாதியாவது பெட்டியோட நீளத்துக்குள்ள அடங்கணும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். ஒலியோட வேகம் நொடிக்கு 343 மீட்டர்னு வெச்சா, 27 செ.மீ. பெட்டியில முதல் நிலையலை சுமார் 630 ஹெர்ட்ஸ்லதான் வரும். நம்ம சப்வூஃபர் வேலை செய்யறது எங்க? 30-ல இருந்து 100, அதிகம் போனா 120 ஹெர்ட்ஸ். அதாவது நாம அடக்க நினைக்கிற எதிரி அந்தத் தெருப் பக்கமே வர்றதில்லை.

சரி, அப்படியே ஒரு எதிரி இருந்தாலும், ஒரு இஞ்ச் ஃபோம் அதை உறிஞ்சுமா? நார் மாதிரியான பொருள் ஒலியை நல்லா உறிஞ்சணும்னா, அதோட கனம் அலைநீளத்துல கால் பங்குக்குப் பக்கத்துலயாவது இருக்கணும்னு ஒரு பொது விதி இருக்கு. 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 6.9 மீட்டர். அதுல கால் பங்கு 1.7 மீட்டர். ஒரு ஆள் உயரத்துக்கு ஃபோம் வேணும்! முட்டை ட்ரே ஒட்டற கோஷ்டிக்கும் இதே கணக்குதான்.

அப்போ இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துச்சு? ஷெல்ஃப்ல வைக்கிற சாதாரண ஸ்பீக்கர்ல இருந்து. அதுல ஒரே வூஃபர் 2000, 3000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பாடும். அங்க 630 ஹெர்ட்ஸ் நிலையலை நேரா குரல் வர்ற இடத்துல வந்து உட்காரும், பாடறவர் டப்பாக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கும். அங்க சுவர்ல ஃபோம் ஒட்டறது ரொம்பச் சரி. அந்தச் சரியான அறிவுரையை அப்படியே சப்வூஃபருக்குக் கொண்டு வந்ததுதான் சிக்கல்.

இதுக்கு ஒரு விலக்கும் உண்டு. ஷேர் ஆட்டோக்கள்ல ஃபில்டர் சரியா வெக்காம, வூஃபருக்கே முழுப் பாட்டையும் அனுப்பி ஓட்டறது சகஜம். அப்போ அந்த வூஃபர் 630 ஹெர்ட்ஸையும் பாடுது, அங்க பஞ்சு உதவும். ஆனா அந்த வண்டிக்கு முதல்ல தேவைப்படறது ஒரு நல்ல லோ பாஸ் ஃபில்டர். வியாதி இருக்கிற இடத்துலதான் மருந்து போடணும், இல்லையா?

இறுக்கற வேலை: பஞ்சால முடியாது

பெட்டியை விரல் முட்டியால தட்டிப் பார்க்கிறது பழைய மைக் செட் ஆளுங்க பழக்கம். "டொக்"னு கேட்டா நல்ல பெட்டி, "டும்ம்"னு இழுத்தா மோசம். அந்தச் சோதனை அருமையானது. ஆனா "டும்ம்"னு இழுக்கிற பெட்டிக்குள்ள பஞ்சு அடைக்கிறது, ஆடற கட்டில் மேல இன்னொரு மெத்தையைப் போடற மாதிரி.

உள்ள எவ்வளவு விசை இருக்குன்னு ஒரு கணக்கு போடலாம். 10 இஞ்ச் வூஃபரோட கோன் பரப்பு சுமார் 330 சதுர செ.மீ. அது 5 மி.மீ. உள்ள போனா 165 கன செ.மீ. காற்று நசுங்கும். 20 லிட்டர் பெட்டியில அதனால ஏறுற அழுத்தம் கிட்டத்தட்ட 1170 பாஸ்கல். 27 செ.மீ. சதுரப் பலகை ஒவ்வொண்ணு மேலயும் விழற விசை 86 நியூட்டன், அதாவது 8 கிலோவுக்கு மேல எடை. 50 ஹெர்ட்ஸ்னா நொடிக்கு 50 தடவை அந்த எடை பலகையைத் தள்ளி இழுக்குது. பஞ்சு அந்தப் பலகையைப் பிடிச்சு நிறுத்துமா?

நிறுத்தறதுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, கனம். பலகையோட வளைவு விறைப்பு கனத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். 12 மி.மீ. ப்ளைவுட்டுக்குப் பதிலா 18 மி.மீ. போட்டா கனம் ஒன்றரை மடங்குதான், விறைப்பு 3.4 மடங்கு. ரெண்டாவது, குறுக்குக் கட்டை. சதுரப் பலகையோட நடுவுல விறைப்பான ஒரு கட்டையை ஒட்டி ஸ்க்ரூ போட்டா, பலகையோட அதிர்வெண் சுமார் இரண்டரை மடங்கு மேல ஏறும். சப்வூஃபர் பாடற எல்லையை விட்டே வெளிய போயிடும். ஆசாரி பட்டறையில மிச்சமான ரீப்பர் கட்டை போதும், செலவு ஒண்ணுமே இல்லை. ஆனா கட்டை எடுத்துக்கற இடத்தைப் பெட்டியோட லிட்டர் கணக்குல கழிச்சுக்கணும்.

மூலை, ஸ்பீக்கர் விளிம்பு, ஒயர் போற ஓட்டை, இந்த மூணு இடத்துலயும் காற்றுக் கசிவு இருக்கானு பார்க்கிறதும் இதே கணக்குலதான் வரும். கசியற பெட்டியில பஞ்சு அடைக்கிறது ஓட்டைப் பானையில உப்புத் தண்ணி ஊத்தற கதை. சிலிகான் சீலன்ட் போட்டா ஒரு விஷயம் கவனிங்க: புளிச்ச வாசனை வர்ற வகையில இருந்து அசிட்டிக் அமிலம் ஆவியாகும், அது செம்பை அரிக்கும். நல்லா காய்ஞ்சு வாசனை போன அப்புறம்தான் வூஃபரை மாட்டணும்.

இளக்கற வேலை: இங்கதான் பஞ்சுக்கு மரியாதை

இப்போ வர்றதுதான் நிஜமான மேஜிக். மூடின பெட்டிக்குள்ள அடைபட்ட காற்று ஒரு ஸ்ப்ரிங். 1954-ல அமெரிக்காவுல எட்கர் வில்ச்சர் "அகூஸ்டிக் ரிசர்ச்" கம்பெனியோட ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டு வந்தது இந்தக் காற்று ஸ்ப்ரிங்கை நம்பித்தான். சின்னப் பெட்டியில ஆழமான பேஸ் வரும்னு அது காட்டுச்சு. அதுக்குள்ளயும் கண்ணாடி நார் இருந்துச்சு. நம்ம "பஞ்சு அடை" வரிக்குத் தாத்தா அதுதான்னு சொல்லலாம்.

அந்த நார் என்ன பண்ணுச்சு? சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்ப் சூடாகும், கவனிச்சிருப்பீங்க. காற்றை நசுக்கினா சூடாகும், சூடான காற்று இன்னும் அதிகமா எதிர்த்துத் தள்ளும். அதாவது ஸ்ப்ரிங் விறைப்பாகும். மெல்லிய நார் நிறைய இருந்தா, அதோட ஏகப்பட்ட பரப்பு அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டு, காற்று விரியும்போது திருப்பிக் கொடுக்கும். காற்று சூடாகாததால ஸ்ப்ரிங் இளகும். வூஃபர் கண்ணுக்குப் பெட்டி கொஞ்சம் பெருசாத் தெரியும்.

இதுல ஒரு அழகான வரலாறும் இருக்கு. நியூட்டன் 1687-ல வெளியிட்ட பிரின்சிப்பியாவுல ஒலியோட வேகத்தைக் கணக்கு போட்டப்போ, அலை போகும்போது காற்றோட வெப்பநிலை மாறாதுன்னு வெச்சுக்கிட்டார். விடை நிஜ வேகத்தைவிடக் குறைவா வந்துச்சு. அழுத்தம் ஏறும்போது சூடும் ஏறும்னு 1816-ல திருத்தினவர் லாப்ளாஸ். அந்தத் திருத்தத்தோட அளவுதான் நாம தெர்மோடைனமிக்ஸ்ல மனப்பாடம் பண்ற காமா, காற்றுக்கு 1.4. நியூட்டன் தப்பா நினைச்ச காற்றை, பெட்டிக்குள்ள உண்மையாக்கறது பஞ்சு!

ஆனா அந்த 1.4-தான் உச்ச வரம்பும். எவ்வளவு அடைச்சாலும் 20 லிட்டர் பெட்டி 28 லிட்டருக்கு மேல நடிக்க முடியாது. நடைமுறையில கிடைக்கிறது வழக்கமா 10-ல இருந்து 25 சதவீதம். 20 சதவீதம்னே வெச்சுப்போம். நம்ம பெட்டி 24 லிட்டராத் தெரியும்.

இப்போ நம்ம வூஃபருக்கு அது என்ன செய்யுதுன்னு பார்க்கலாம். பஞ்சு இல்லாத 20 லிட்டர் பெட்டியில ஒத்ததிர்வு 80 ஹெர்ட்ஸ், க்யூ 1.0. அதாவது 80 பக்கத்துல ஒரு மேடு, அதுக்குக் கீழ சடார்னு சரிவு. தெருவுல "தும் தும் தும்"னு எல்லாப் பாட்டுக்கும் ஒரே சுருதியில கேட்குதே, அது இந்த மேடுதான். பஞ்சு அடைச்சா ஒத்ததிர்வு 75-க்கு இறங்கும், க்யூ 0.94 ஆகும். நார் கொஞ்சம் உராய்வையும் சேர்க்கறதால இன்னும் துளி இறங்கலாம். மேடே இல்லாம சமமா வரணும்னா க்யூ 0.707 வேணும். அதுக்கு இந்த வூஃபர் கேட்கிற பெட்டி 60 லிட்டர்.

40 ஹெர்ட்ஸ்ல என்ன வித்தியாசம்னு கணக்கு போட்டா இன்னும் தெளிவாத் தெரியும். 20 லிட்டர் காலிப் பெட்டியோட ஒப்பிட்டா, பஞ்சு தர்ற லாபம் சுமார் 1 டெசிபல். 60 லிட்டர் பெட்டி தர்ற லாபம் சுமார் 4 டெசிபல். 4 டெசிபலை ஆம்ப்ளிஃபையர்ல இருந்து எடுக்கணும்னா பவர் இரண்டரை மடங்கு வேணும். 100 வாட் போதுமான இடத்துல 250 வாட்! மைக் செட் அண்ணன் கேட்ட "பேஸ் பத்தலையே"க்கு பதில் இங்கதான் இருக்கு. அவர் பஞ்சு வாங்கறார், பத்தலைன்னு பெரிய ஆம்ப் வாங்கறார், அதுவும் பத்தலைன்னு பேஸ் பூஸ்ட் போடறார், காயில் கருகுது, புது வூஃபர் வாங்கறார். இன்னும் ஒரு ப்ளைவுட் ஷீட்ல முடிய வேண்டிய கதை.

60 லிட்டர் வைக்க இடமே இல்லைன்னா? அப்போ கணக்கு வேற ஒரு உண்மையைச் சொல்லுது: இந்த வூஃபர் அந்த இடத்துக்குப் பொருந்தாது, சின்னப் பெட்டிக்கு ஏத்த வேற வூஃபரைத் தேடணும். அதையும் பெட்டி அடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாமே.

பைப் வெச்ச பெட்டிக்கு அடைக்காதீங்க

மேல சொன்னதெல்லாம் முழுசா மூடின பெட்டிக்கு. பி.வி.சி. பைப் சொருகின பெட்டியோட கதை வேற. குடத்து வாயில ஊதினா ஒரு சுருதி கேட்கும் இல்லையா, அந்தத் தத்துவம்தான். பெட்டிக் காற்று ஸ்ப்ரிங், பைப்புக்குள்ள இருக்கிற காற்று எடை. ரெண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவெண்ல ஆடும், அந்த இடத்துல பேஸ் வர்றது பெரும்பாலும் பைப்பில இருந்துதான்.

அந்த ஆட்டம் தடையில்லாம நடந்தாதான் பைப் வெச்சதுக்கு அர்த்தம். உள்ள பஞ்சு திணிச்சா உராய்வு கூடி ஆட்டம் சுணங்கும். பைப் வாய்ப் பக்கம் வந்த பஞ்சு காற்றை அடைக்கும், துண்டு துண்டா வெளியவும் பறக்கும். சுவர்ல மெல்லிசா ஒரு படலம் ஒட்டலாம், அவ்வளவுதான். மூடின பெட்டிக்குச் சொன்ன அறிவுரையைப் பைப் பெட்டிக்குச் செய்யறது, குடத்துக்குள்ள துணியைத் திணிச்சுட்டு ஊதிப் பார்க்கிறது மாதிரி.

இந்தப் பைப் பெட்டிக்கான கணக்கை 1961-ல ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் எழுதினார். எழுபதுகள்ல ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். வூஃபர் டேட்டா ஷீட்ல வர்ற "டி.எஸ். பாராமீட்டர்" இவங்க ரெண்டு பேரோட முதல் எழுத்துதான். அறுபது வருஷத்துக்கு மேல பழசான, இலவசமாக் கிடைக்கிற கணக்கு. இன்னும் நம்ம தெருவுக்கு வந்து சேரலை.

உப்புக் காத்துல எந்தப் பஞ்சு?

கணக்கெல்லாம் போட்டு, பஞ்சு தேவைதான்னு முடிவானா, எதைப் போடறது? எங்க பக்கம் மாதிரி கடலோர ஊர்ல இது சின்ன கேள்வி இல்லை. காற்றோட ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானா ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல சமையல்கட்டு உப்பு டப்பாவே சாட்சி. அந்த உப்புத் தூசி படிஞ்ச சாதாரணப் பருத்திப் பஞ்சு ஈரம் குடிச்சு, கட்டி தட்டி, பெட்டிக்கு அடியில போய் உட்காரும். வூஃபரோட இரும்பு ப்ளேட்டும் சால்டர் வெச்ச இடமும் அந்த ஈரத்துக்குப் பக்கத்துலயே இருக்கும்.

இலவம்பஞ்சு பரவாயில்லை, அதோட நாருக்கு இயற்கையாவே மெழுகுத் தன்மை உண்டு, தண்ணி சட்டுனு ஒட்டாது. ஆனா எலிக்கும் நெருப்புக்கும் ரொம்பப் பிடிக்கும். கிளாஸ் வுல் வேலையை நல்லாச் செய்யும், ஆனா கையும் தொண்டையும் அரிக்கும். கிளவுஸ், மாஸ்க் இல்லாம தொடக்கூடாது, மெல்லிய துணிக்குள்ள வெச்சுத் தைக்காம பெட்டியில போடக்கூடாது. எல்லாத்தையும் விட எளிது, மெத்தைக் கடையில தலையணைக்குப் போடற ரெக்ரான் பஞ்சு. ஈரம் குடிக்காது, அரிக்காது, விலையும் அதிகம் இல்லை.

அளவு, லிட்டருக்கு 8-ல இருந்து 16 கிராம்னு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. நம்ம 20 லிட்டர் பெட்டிக்கு 160-ல இருந்து 320 கிராம். பிச்சுப் பிச்சு உதறிப் போடணும், அமுக்கித் திணிக்கக் கூடாது. அதுக்கு மேல திணிச்சா பஞ்சே காற்றோட இடத்தைப் பிடிச்சுக்கும், பெட்டி பெருசாகறதுக்குப் பதிலா சின்னதாகும்.

அக்கம்பக்கத்துக்குக் கேட்காதா?

"உள்ள பஞ்சு போட்டிருக்கேன், வெளிய ரொம்பக் கேட்காது"ன்னு ஒரு நம்பிக்கை சுத்துது. ஹாஸ்டல்லயும் கேட்டிருக்கேன், ஊர்லயும் கேட்டிருக்கேன். கோன் முன்பக்கமா அறைக்குள்ள தள்ளற காற்றுக்கும் பெட்டிக்குள்ள இருக்கிற பஞ்சுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்து வீட்டுக்குப் போறது முன்பக்கக் காற்று. 50 ஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டி, ஜன்னல் கம்பியை ஆட்டி, படுத்திருக்கிறவங்க நெஞ்சுல போய்த்தான் நிக்கும்.

சட்டம் காப்பாத்துமான்னா, அதுலயும் ஒரு இடைவெளி இருக்கு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 வரை 45 டெசிபல் வரம்பு. ஆனா அந்த அளவு "ஏ" வெயிட்டிங் போட்டது. மனுஷக் காது மெல்லிய சத்தத்துல பேஸைக் குறைவாக் கேட்கும்ங்கறதால, அந்த வெயிட்டிங் 50 ஹெர்ட்ஸ்ல 30 டெசிபலைக் கழிச்சுடும். 75 டெசிபல் அளவுக்கு ஒரு 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தாலும் மீட்டர் 45-ன்னு காட்டும். மீட்டர் சும்மா இருக்கும், குழந்தை தூங்காது. அதனால சட்டம் பார்த்துக்கும்னு விடாம, செய்யறவங்க பார்த்துக்க வேண்டிய விஷயம் இது. மேடு இல்லாத, ஒழுங்கான பெட்டியில பாட்டோட ஆழம் குறைஞ்ச வால்யூம்லயே தெரியும். மேடு உள்ள பெட்டியில ஆழம் வராததால வால்யூமை ஏத்திக்கிட்டே போவோம். அப்படியும் ராத்திரி 10 மணிக்கு மேல அடக்கி வாசிக்கிறதுக்கு எந்தப் பஞ்சும் மாற்று இல்லை.

"நான் காதால கேட்டேனே!"

இவ்வளவு சொன்ன அப்புறமும் ஒருத்தர் சொல்வார்: "பஞ்சு போட்டதும் சவுண்ட் மாறுச்சு, நானே கேட்டேன்." மாறியிருக்கும், மறுக்கலை. ஃபில்டர் சரியில்லாத பெட்டியில நடுச்சத்தம் அடங்கியிருக்கும். மூடின பெட்டியில க்யூ துளி இறங்கியிருக்கும். பஞ்சு வைக்கக் கழட்டி மாட்டும்போது ஸ்க்ரூவை இறுக்கினதுல ஒரு கசிவு நின்னிருக்கும். பெட்டியை ரெண்டு அடி தள்ளி வெச்சிருந்தா, அறையோட பேஸே மாறியிருக்கும். எதனால மாறுச்சுன்னு காது தனியாச் சொல்லாது.

சொல்லக்கூடியது நம்ம லேப்ல இருக்கு. ஒரு ஃபங்ஷன் ஜெனரேட்டர், 100 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, ஒரு சி.ஆர்.ஓ. ரெசிஸ்டரை வூஃபரோட தொடரா மாட்டி, 20-ல இருந்து 200 ஹெர்ட்ஸ் வரைக்கும் மெதுவா ஏத்தி, வூஃபர் முனையில வோல்டேஜைக் குறிச்சுக்கணும். மூடின பெட்டியில எங்க உச்சம் வருதோ அதுதான் ஒத்ததிர்வு, அந்த உச்சம் எவ்வளவு ஒல்லியா இருக்கோ அவ்வளவு க்யூ. காலியா ஒரு தடவை, 160 கிராம் பஞ்சோட ஒரு தடவை, 320 கிராமோட ஒரு தடவை. மூணு கோடு வரைஞ்சா விவாதமே முடிஞ்சுது. செகண்ட் இயர்ல எல்.சி.ஆர். ரெசொனன்ஸ் எக்ஸ்பெரிமென்ட்டுக்கு வரைஞ்ச அதே வளைகோடுதான். அப்போ ரெக்கார்டு நோட்டுல வரைஞ்சு கையெழுத்து வாங்கினதோட மறந்துட்டோம்.

டேட்டா ஷீட் இல்லாத வூஃபர்தான் மைக் செட்காரங்க கையில அதிகம். அதையும் இதே செட்டப்ல அளந்துடலாம். வெறும் வூஃபரோட உச்சம் எங்கன்னு பார்த்துட்டு, கோன் மேல எடை தெரிஞ்ச கொஞ்சம் களிமண்ணை ஒட்டி, உச்சம் எவ்வளவு இறங்குதுன்னு பார்த்தா விஏஎஸ் வரைக்கும் கணக்கு போட்டுடலாம். ஒரு வூஃபருக்கு அரை மணி நேரம் ஆகும்.

அதனால என் யோசனை இது. மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை லேப்பைத் திறந்து வெச்சு, சுத்து வட்டாரத்துல மைக் செட், ஆட்டோ சவுண்ட் வேலை செய்யறவங்களை வூஃபரோட வரச் சொல்லலாம். நாம அளந்து, இந்த வூஃபருக்கு மூடின பெட்டின்னா இத்தனை லிட்டர், பைப் பெட்டின்னா பைப் இத்தனை நீளம், கட்டை இங்க, பஞ்சு இத்தனை கிராம் அல்லது வேண்டவே வேண்டாம்னு ஒரு தாள்ல தமிழ்ல எழுதிக் கொடுக்கலாம். ப்ளைவுட் எது வளையாது, எந்த ஒட்டு மழைக்கு விடாது, எந்த வூஃபர் ரெண்டு திருவிழா தாங்காதுன்னு அவங்க நமக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. மினி ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கலைன்னு புலம்பற ஜூனியர்ஸ் கவனிக்கவும், இதுல நாலு பேட்சுக்கு வேலை இருக்கு.

ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்க லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். கையெழுத்துப் போட ஆள் வேணும். அடுத்த இதழுக்கு யாராவது தங்கள் பெட்டியோட ரெண்டு வளைகோட்டை அனுப்பினா, பஞ்சுக்கு முன்னாடி ஒண்ணு, பஞ்சுக்குப் பின்னாடி ஒண்ணு, என் கணக்கு தப்புன்னு வந்தாலும் சேர்த்துப் போடச் சொல்றேன்.